பதினேழு எதிராளிகளும் ஒரு வலது கையும்

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அனுப்பிய கடிதத்தில் என்னை 'ஓய்வு பெற்ற மூத்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனாலும் அதைத் திருத்த மாட்டேன். இந்த வேலையை விட்டு வந்தவளுக்கு வேறு பெயர் எதுவும் எனக்கும் தெரியவில்லை.

எதிராளிகளை எடைபோடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் போடும் முறையை நான் இங்கே விளக்கப் போவதில்லை. அது உங்கள் மேசைக் கணினியிலேயே இருக்கிறது. நான் எழுதியதுதான், நன்றாகவே ஓடும். அது எந்த இடத்தில் உங்களைக் கைவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜார்ஜ் டவுனில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த மாடி அறைக்கு வருமுன் ஐந்து ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவு. அங்கே முதல் நாளே சொல்லித் தந்த விதி ஒன்று உண்டு. பெட்டிக்குள் நீயே கையை விட்டு எடுக்கும் சாம்பிளைத்தான் சோதிக்க வேண்டும். அனுப்பியவன் எடுத்துக் கொடுப்பதை ஒருபோதும் சோதிக்கக் கூடாது. குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்தும் நிறுவனத்தில் வேலை கிடைத்து அந்த மாடிப்படியில் ஏறியபோது, இந்த விதியைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு வீரன் யார் யாரை ஜெயித்தான், ஜெயிக்கப்பட்டவர்கள் அதற்கு முன் யார் யாரை ஜெயித்தவர்கள், தோற்றபின் என்ன ஆனார்கள் என்று தேடி ஒரு பக்க அட்டவணை போட வேண்டும். ஒவ்வொரு எதிராளிக்கும் ஏ முதல் டி வரை ஒரு கிரேடு. கடைசி வரியில் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எழுத்து. அந்த அறிக்கை உரிமக் குழுவுக்குப் போகும். இரண்டு தரப்புக்கும் போகும். யாரும் ஏமாற்றப்பட்டதாகப் பிறகு சொல்லக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் செய்த தவறு சிரிக்கக் கூடியது. பத்தொன்பது வெற்றி பெற்றவர் என்று ஒருவரை நான் பரிந்துரைத்தேன். போட்டியன்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நாற்பது வினாடியில் விழுந்தார். பார்க்க வந்தவர்கள் காலிப் போத்தல்களை வீசினார்கள். எங்கள் கோச் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் கோச் என்றே எழுதுகிறேன்.

"என்னம்மா, பத்தொன்பது ஜெயிச்சவருன்னு சொன்ன. படி ஏறுறதுக்கே ஆள் தேவைப்படுது."

"ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு கோச்."

"ரெக்கார்டுல நான்கூட அழகாத்தான் இருப்பேன் லா."

அந்தப் பத்தொன்பது வெற்றியும் ஒரே ஊரில், ஒரே நான்கு பேரிடம் மாறி மாறிப் பெற்றவை என்று பிறகு கண்டுபிடித்தேன். எதிராளிகளின் எதிராளிகளையும் தேடும் முறையை அதற்குப் பிறகுதான் அமைத்தேன். புது அறிக்கையை முதலில் கோச்சிடம்தான் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. லைசென்ஸ் குடுக்குறவங்க கடைசி வரிய மட்டும்தான் படிப்பாங்க. எதிர் கார்னர்காரன் ஒரு வரி விடாம படிப்பான்."

சிரித்தேன். எதிர்த் தரப்புப் பயிற்சியாளரைத்தான் அவர் கார்னர்காரன் என்பார். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். எழுதி வைத்தால் கற்றுக்கொண்டதாக எண்ணிக்கொள்வது என்னைப் போன்றவர்களின் குணம்.

இனி கதிர்.

அவன் பட்டர்வொர்த் பையன். ஆறடி மூன்று அங்குலம். நம் பக்கத்தில் ஹெவிவெய்ட் வீரன் கிடைப்பதே அபூர்வம், அதனால் நிறுவனத்தின் முதலாளி, எங்கள் பாஸ், அவன் படத்தைப் பினாங்கு முழுக்க ஒட்டினார். பதினேழு சண்டை, பதினேழும் வெற்றி, இடுப்பில் பிராந்தியப் பட்டம். என்னைவிட இரண்டு வயது சிறியவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

நானும் பட்டர்வொர்த்தில்தான் குடியிருந்தேன். காலையில் ஃபெர்ரி ஏறுமுன் பசியாறும் கடையில் அவனைப் பற்றிய பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒரு நாள் பக்கத்து மேசையில் இருந்தவர் குரலை உயர்த்தினார்.

"பதினேழு பேர அடிச்சானாம். யாருய்யா அந்தப் பதினேழு பேரு? தெருவுல நடந்து போனா அவங்க வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியாது."

"சும்மா இரு லா, அவன்தான் வர்றான்."

கதிர் உள்ளே வந்து ரொட்டிப் பொட்டலத்துக்குச் சொல்லிவிட்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அண்ணே, பதினெட்டாவது ஆளா நீங்க வரீங்களா? உங்களத்தான் நாய் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கே, போறப்ப வர்றப்பல்லாம் குரைக்குது."

கடை முழுக்கச் சிரித்தது. பேசியவரும் சிரித்தார். கதிர் காசைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் வாங்கிய பொட்டலம் கல்லாவுக்கு இடது ஓரத்தில் அப்படியே இருந்தது. அவமானத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்து, பின்னாலேயே ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவமானத்துக்கு நானும் ஒரு காரணம் என்பதால் ஓடினேன். சில மாதம் முன்பு என் அறிக்கையின் கடைசி வரியில் அவனுக்கு 'சி' போட்டிருந்தேன். அது எப்படியோ ஒரு நிருபரின் கையில் கிடைத்து, 'சி கிரேடு சாம்பியன்' என்ற பட்டம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. கிரேடு சரியானதுதான். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து, அங்குள்ள ஒரு வீரரோடு மோதக் கதிருக்கு அழைப்பு வந்தது. அந்த ஊர்க்காரர் நம் அளவுகோலில் ஐயமில்லாத 'ஏ'. உலகப் பட்டத்துக்கு இரண்டு படி கீழே நிற்பவர். ஆனால் அங்குள்ள உரிமக் குழு ஒரு நிபந்தனை வைத்தது. கதிரின் மொத்தக் கிரேடு குறைந்தது 'பி' ஆக இருக்க வேண்டும். பலவீனமானவனைக் கூட்டிவந்து பலியிட்டதாகப் பேச்சு வரக் கூடாது என்று பயந்தார்கள்.

பாஸ் எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"வேணாம் பாஸ்," என்றார் கோச், உட்காருமுன்னே.

"ஏன்?"

"வேணாம்."

"காரணம் சொல்லுங்க கோச். எத்தனை வருஷம் அவன பொம்மைங்களோட ஆட விடுவீங்க? ஊரே சிரிக்குது. அவனே என்கிட்ட வந்து கேட்டான், இந்த சண்டை வேணும்னு."

கோச் என்னைப் பார்த்தார். நான் என் கணினியைப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவர் பயந்தாங்கொள்ளி என்று அன்று நானும் நினைத்தேன்.

புதிதாகக் கணக்குப் போட்டேன். கதிரிடம் தோற்ற சிலர் அதற்குப் பிறகு நல்ல வெற்றிகள் பெற்றிருந்தார்கள், அதையும் சேர்த்தால் 'பி' வந்தது. எதையும் இழுத்து நீட்டவில்லை, நேர்மையான 'பி'. அவனுக்குச் செய்த கெடுதலைச் சரிசெய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி.

ஒரு சின்னப் பொருத்தமின்மை மட்டும் மிச்சமிருந்தது. ஒன்பதாவது எதிராளி நான்காவது ரவுண்டில் விழுந்ததாக எங்கள் ஏட்டில் இருந்தது. வெளிநாட்டு ஏட்டில் ஆறாவது. அவர் கையெழுத்திட்டால் திருத்திவிடலாம். அவர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் போய்ப் பிடித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். தன் வாழ்நாளில் ஜெயித்ததைவிட மூன்று மடங்கு தோற்றவர், அதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தமே இல்லை.

காகிதத்தை வாங்கி இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

"இடது கைப் பழக்கமாண்ணே?"

"இல்லம்மா. வலது கையில பிளேட்டு வச்சிருக்கு. பேனா புடிச்சா இழுக்கும்."

"கதிரோட சண்டைக்கு அப்புறமா?"

"அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே. அதனாலதானே என்னைக் கூப்டாங்க."

நான் காகிதத்தை மடிப்பதை நிறுத்தினேன்.

"உங்க கோச்சு இங்கயே வந்தாரு. கையில பயிற்சி பேட மாட்டிக்கிட்டு, வலது கையால இத அடின்னாரு. அடிச்சேன். இவ்வளவுதான் வருமான்னாரு. உயிரே போனாலும் இவ்வளவுதான் கோச்சுன்னேன். மனுஷன் மொகத்துல அப்படி ஒரு நிம்மதி! கைய ஒடச்சிக்கிட்டதுக்கு என்னை யாரும் அப்படி சந்தோஷமாப் பாத்ததில்ல." அவர் சிரித்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். "பையன் நல்ல பையன்மா. அடி இடி மாதிரி. ஆனா மூணாவது ரவுண்டுல நான் இந்தக் கையால சும்மா ஒரு தட்டு தட்டினேன். கொழந்தைய தூங்க வைக்கிற மாதிரி. தலைய நகத்தவே இல்ல. பட்டதுக்கு அப்புறந்தான் முழிக்கிறான்."

"இத யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டாங்க? தோத்தவன்கிட்ட யாரும்மா வந்து கேக்குறா? நீதான் மொத ஆளு. நீயும் கையெழுத்துக்குத்தான் வந்த."

எதிரே நிற்பவனின் வலது கை நம்முடைய இடப்பக்கத்திலிருந்து வரும். இதைப் படிக்கும்போதுகூட நீங்கள் மூவரும் ஒரு முறை கையைத் தூக்கிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நானும் திரும்பி வரும் பஸ்ஸில் அப்படித்தான் பார்த்தேன்.

அலுவலகம் வந்ததும் அட்டவணையின் ஓரத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். தலைப்பு: 'வலது கை'. இரண்டு நாள் தொலைபேசியிலேயே இருந்தேன். பதினேழு பேரில் பதின்மூன்று பேர் கிடைத்தார்கள். ஆறு பேருக்குக் கதிரைச் சந்திக்கும் முன்பே வலது கையில் முறிவு. நான்கு பேருக்கு வலது தோளில் பழைய காயம். மூன்று பேர் இடக்கையர்கள். அவர்களின் பலமான அடி அவனுடைய நல்ல பக்கத்தில் வரும். வலது கையால் பலமாக அடிக்கக்கூடியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

நான் அத்தனை காலமும் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அளந்துகொண்டிருந்தேன். எப்படிப்பட்டவர்கள் இதில் இல்லவே இல்லை என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அனுப்பியவர் கையாலேயே எடுத்துக் கொடுத்த பதினேழு சாம்பிள்.

மறுநாள் காலை பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். கதிர் பெஞ்சில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு இடப்பக்கமாக நின்று, ஒன்றும் பேசாமல், தண்ணீர்ப் போத்தலை அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினேன். அவன் பட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். மறுபக்கக் கயிற்றில் சாய்ந்திருந்த கோச் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதிர்," என்றேன்.

தலையை முழுவதுமாகத் திருப்பிப் போத்தலைப் பார்த்தான், பிறகு என்னை. புரிந்துகொண்டான். பொட்டலத்தை அவன் கடையில் மறக்கவில்லை, அது அவன் கண்ணில் படவே இல்லை என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்க்கா. மொத சண்டைக்கு முன்னாடியே, பயிற்சியில எதிர்ல நின்னவன் கட்டை விரல் இடது கண்ணுல பட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கிடுச்சு."

"கண் டாக்டர் வருஷா வருஷம் எழுதிக் குடுக்குறாங்களே?"

"அட்டையில இருக்கிற எழுத்தெல்லாம் மனப்பாடம் லா." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தன் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். செய்தித்தாள் துண்டு. சி கிரேடு சாம்பியன். "இது நீங்க குடுத்ததுதானேக்கா?"

"ஆமா."

"எனக்குக் கோவம் இல்ல. சரியாத்தான் குடுத்தீங்க. யாரோட மோதினேன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் எதிர்ல வர்றவர பாப்பேன், பாவமா இருக்கும். அடிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி சாப்புட முடியாது. பெல்ட்ட அம்மா சாமி மேடை பக்கத்துல மாட்டி வச்சிருக்காங்க, அந்தப் பக்கம் நான் திரும்புறதே இல்ல." பட்டையின் நுனியை இறுக்கிக் கட்டினான். "அந்த லிஸ்ட்ல ஒரு ஏ வேணும்க்கா. ஒண்ணே ஒண்ணு. தோத்தாலும் பரவால்ல. அப்புறம் நிறுத்திடுறேன்."

"கண்ணு போயிடும்டா."

"போன கண்ணு இன்னும் எங்க போகும்?"

"இன்னொரு கண்ணு இருக்கு. தலை இருக்கு."

அவன் தரையைப் பார்த்தான். "எழுதாதீங்கக்கா," என்றான். நான் எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாடிப்படியில் கோச் என்னைப் பிடித்தார்.

"கண்டுபிடிச்சிட்ட."

"நீங்க ஏன் கோச் சொல்லல? மூணு வருஷமா?"

"சொன்னா லைசென்ஸ் போயிடும். போனா அவன் சும்மா இருப்பான்னு நினைக்கிறியா? லைசென்ஸே கேக்காத எடம் எத்தனையோ இருக்கு, அங்க போய் ஏறுவான். எங்கிட்ட இருந்தா யாரோட ஏத்துறதுன்னு நான் பொறுக்கி எடுக்கலாம். பொறுக்கினேன். ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சுப் பாத்துப் பொறுக்கினேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்னு இருந்தேன்." படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இந்தத் தடவ பொறுக்குறது நான் இல்ல. நீ எழுதிடுமா. எனக்கு கை வரல. அவன் என்னை அப்பான்னு கூப்புடுறான்."

ஊரே பார்த்துச் சிரித்த பட்டியல் அது. நானும் 'சி' போட்டேன். ஒருவன் உயிரைக் காப்பதற்காக மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்ட வேலை என்று நம் அளவுகோலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அறிக்கை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போக வேண்டும். அன்று மதியம் முழுக்க நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே மதியம் உங்களுக்கும் வரும். நான் மருத்துவர் அல்ல. கண்ணைப் பற்றி எழுத என் அறிக்கையில் இடம் இல்லை. சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது என்ற விதியை வகுத்தவளே நான்தான். அவனுக்கு ஒரு முறை 'சி' கொடுத்து அவமானப்படுத்தினேன், இப்போது அவன் கேட்கும் ஒரே பெயரையும் நானே பறிக்க வேண்டுமா? ஆனால் மறைக்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தபோது பெருமையாகவும் இருந்தது. 'வலது கை' நெடுவரிசையை அறிக்கையிலேயே விட்டுவிட்டேன். முறிவு, முறிவு, தோள், இடக்கையர், தெரியவில்லை, முறிவு... பதினேழு கட்டமும் நிரப்பியிருந்தது. அறிவுள்ள எவரும் பார்த்தால் புரிந்துகொள்வார். கடைசி வரியில் 'பி' என்று மட்டும் போட்டேன்.

பாஸ் திரையை எட்டிப் பார்த்தார். "இது என்ன புதுசா?"

"எதிராளிங்களோட காயக் குறிப்பு பாஸ்."

"நல்லா இருக்கு. ப்ரொஃபெஷனலா இருக்கு."

நாலு நாற்பதுக்கு அனுப்பினேன். உரிமக் குழுவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, எதிர்த் தரப்புக்கு ஒன்று.

திங்கட்கிழமை அனுமதி வந்தது. ஒரே வரி.

ஆறு வாரம் கழித்து, சண்டை நடந்த ஊருக்கு நானும் போனேன். அந்த வீரரின் பழைய சண்டைகளை எல்லாம் பார்த்திருந்தேன். இடது கையை முன்னால் நீட்டி, மெல்ல மெல்ல எதிராளியைக் களைப்பாக்கிவிட்டுக் கடைசியில்தான் வலது கையை எடுப்பார். எப்போதும் அப்படித்தான். அன்று முதல் மணி அடித்ததும் முதல் அடியே வலது கை. இரண்டாவதும் வலது. மூன்றாவதும். கதிரின் தலை ஒரு முறைகூட விலகவில்லை. சிம்பாங் அம்பாட்காரர் சொன்னது போல, பட்ட பிறகுதான் முழித்தான்.

மூன்று ரவுண்டு நின்றான். அதை நீங்கள் அறிய வேண்டும். தெரியாத பக்கத்திலிருந்து வரும் அடியை வாங்கிக்கொண்டு, முன்னால் போய்க்கொண்டே இருந்தான். இரண்டாவது ரவுண்டில் அவன் போட்ட ஒரு அடியில் அந்த 'ஏ' கிரேடு வீரர் கயிற்றில் போய் விழுந்தார். அரங்கம் எழுந்து நின்றது. நான்காவதில், தோல்வியை ஏற்றுச் சண்டையை நிறுத்தச் சொல்லி, கோச் துண்டை எறிந்தார். துண்டு தரையைத் தொட்டபோது கதிர் ஏற்கெனவே அங்கே கிடந்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, அரங்கின் பின் நடையில் எதிர்த் தரப்புப் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். தலை நரைத்தவர், மரியாதையானவர். அறிக்கை எழுதியது நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன்.

அப்படி ஓர் அறிக்கையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். விவரம் தெரிந்த பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் பலமான வலது கை இல்லை என்றால், இவனுக்கு வலது கை தெரிவதில்லை என்றுதானே பொருள், ஆறு வாரமும் அதை மட்டுமே பயிற்சி செய்தோம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியும் என்றால், ஏன் சண்டையை நிறுத்தவில்லை?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. தன் வீரனைக் காப்பது அவர் வேலை. எங்கள் வீரனைக் காப்பது எங்கள் வேலை என்று அவர் நம்பியிருந்தார்.

கதிரின் மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தான். இடது கண் முழுவதும் போயிற்று. வலது கண்ணில் எழுத்துகள் நீந்துகின்றன என்கிறான். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறான்.

விசாரணை நடந்தது. கண் சான்றிதழைப் பற்றி நிறையக் கேட்டார்கள். என் அறிக்கையைப் பற்றி, அதில் பிழை எதுவும் இல்லை, முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உங்கள் கணினியில் 'வலது கை' என்ற நெடுவரிசை நிரந்தரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அது எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் கோச் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தபடியே பேசினார்.

"நான் யாருக்கும் சொல்லல. நீ சொன்ன. ஆனா நிறுத்த வேண்டியவன்கிட்ட சொல்லல, அடிக்கிறவன்கிட்ட சொன்ன."

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் ஆண்டில், என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது. கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்கள். எதிர் கார்னர்காரன் ஒரு வரி விடாமல் படிப்பான்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில். பட்டியலை வாசிக்கும்போது அதில் யார் இல்லை என்று தேடுங்கள். தோற்றவர்களிடம் போய்க் கேளுங்கள்; சாம்பியனைப் பற்றி அவர்கள் உடம்புக்குத் தெரிந்தது எந்த ஏட்டிலும் இருக்காது, யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். மோசமான பட்டியலைப் பார்த்ததும் கோழைத்தனம் என்று முடிவுகட்டாதீர்கள். யாரோ யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால், அதையும் தொடரவிடாதீர்கள். முக்கியமானது இது: உங்களுக்குத் தெரிந்ததை ஒரு கட்டத்துக்குள் போட்டுவிட்டு, பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். கடைசி வரியில், வாக்கியமாக எழுதுங்கள். நான் எழுத வேண்டியிருந்தது 'இவருக்கு இடது கண் தெரியாது, சண்டை கூடாது' என்பது மட்டும்தான். தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகாது. எழுதியிருந்தால் கதிர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருப்பான். இன்று நன்றாகப் பேசக்கூடியவனாக இருந்து, பேசாமல் இருந்திருப்பான்.

போன சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மாதம் ஒரு முறை போவேன். அவன் அம்மா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். என்னோடு உட்கார மாட்டார். நான் அவனுக்கு வலப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வேன்.

"லிஸ்ட்... படிங்கக்கா," என்றான். ஒவ்வொரு முறையும் கேட்பான்.

படித்தேன். முதல் பெயர், அவர் ஊர், கிரேடு. இரண்டாவது பெயர். ஒன்பதாவது வந்தபோது தலையாட்டினான், அந்த அண்ணன் போன வாரம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாராம். பதினேழு வரை முடித்தேன். பதினெட்டாவது பெயரைப் படித்தேன்.

"கிரேடு?"

"ஏ."

"இன்னொரு... தடவ."

மறுபடி படித்தேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பாதி மட்டும் மெல்ல மலர்ந்தது.

"இப்ப யாரும்... சிரிக்க மாட்டாங்கல்லக்கா?"

"மாட்டாங்க," என்றேன்.

பசியாறும் கடையில் இப்போதும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.